அரிசி ஆலைக்குள் அரை வாட் வாக்கி டாக்கி: உரிமம் வேண்டாத 446 மெகா ஹெர்ட்ஸில் அமைத்தது எப்படி

காங்கேயத்துக்கு அருகே நண்பர் ஒருவர் நடத்தும் அரிசி ஆலைக்குள் ஆட்கள் பேசிக்கொள்ள வாக்கி டாக்கி அமைத்துக் கொடுத்தேன். சட்டப்படி, உரிமக் கட்டணம் எதுவும் இல்லாமல், ஒரு நடுத்தர ஆலை தாங்கக்கூடிய செலவில். என்ன வாங்கினோம், எதை வாங்கக் கூடாது, எங்கே அலை போகவில்லை, ஆட்களை எப்படிப் பழக்கினோம் என்பதை எழுதி வைக்கிறேன். இதைப் பற்றித் தமிழில் தேடினால் "பத்து கிலோமீட்டர் பேசும், லைசென்ஸ் வேண்டாம்" என்ற விளம்பரங்கள்தான் வந்து விழுகின்றன, அவற்றை நம்பி வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஆலையின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சாலையோரம் கேட், அதை ஒட்டி எடைமேடை. உள்ளே போனால் நெல் குடோன், அடுத்து ஊறல் தொட்டிகள், அவியல், பாய்லர். நடுவில் டிரையர் கோபுரம், அதை ஒட்டி உமி நீக்குவதும் பாலிஷரும் கலர் சார்ட்டரும் ஓடும் மில் ஹால். கடைசியில் சிப்பம் அடுக்கும் அரிசி குடோன், லாரியில் ஏற்றும் மேடை, பின்னால் உமி கொட்டும் இடம். கேட்டிலிருந்து உமிக் குவியல் வரை நேர்கோட்டில் பார்த்தால் முந்நூறு மீட்டர்கூட வராது. ஆனால் அந்தத் தூரத்துக்குள் தகரக் கூரை, இரும்புத் தொட்டி, கான்கிரீட் சுவர், ஈர நெல், காது கிழியும் சத்தம் எல்லாமே இருக்கின்றன.

எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது ரேடியோ எதற்கு என்று கேட்கலாம். அரிசி குடோனுக்குள் போனால் டவர் போய்விடுகிறது. மில் ஹாலில் ரிங் அடிப்பது கேட்காது, சட்டைப் பையில் அதிர்வதும் தெரியாது, ஏனென்றால் அங்கே தரையே அதிர்ந்துகொண்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, போனில் சட்டென்று ஒருவரைத்தான் கூப்பிட முடியும். நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரில் நெல் அடைத்துக்கொண்டால் பேனல் போர்டில் நிற்பவர், டிரையர் ஆள், அவியல் ஆள் மூவருக்கும் ஒரே நொடியில் தெரிய வேண்டும். ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாருக்கும் கேட்கிற கருவிதான் அந்த வேலைக்குச் சரி.

ஆலையில் ஏற்கெனவே சில வாக்கி டாக்கிகள் இருந்தன. இணையத்தில் வாங்கியவை, பெட்டியில் 5 வாட் என்று போட்டிருந்தது, எந்த அலைவரிசை என்று எங்குமே போடவில்லை. விற்றவர் லைசென்ஸ் வேண்டாம் என்று சொன்னாராம். மேனேஜர் அதை அப்படியே நம்பியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, பொருள் பகிரங்கமாக விற்பனையில் இருக்கும்போது அது சட்ட விரோதமாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்.

நான் ஹாம், அதாவது அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருப்பவன், அதனால் அளந்து பார்க்கக் கொஞ்சம் கருவிகள் வீட்டில் உண்டு. அந்தப் பழைய செட்டின் ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு 50 ஓம் டம்மி லோடு மாட்டினேன். அலை வெளியே பரவாமல் உள்ளேயே சூடாகிப் போகும், பக்கத்தில் வைத்த ரிசீவருக்கு மட்டும் கசிவு எட்டும். ரிசீவராக, கணினியை ரேடியோவாக்கும், யு.எஸ்.பி.யில் செருகும் ஆர்.டி.எல். எஸ்.டி.ஆர். டாங்கிள். லேப்டாப் திரையில் பார்த்தால் முதல் சேனலே 462 மெகா ஹெர்ட்ஸ் பக்கம் ஊசி மாதிரி எழும்பி நின்றது, அடுத்தடுத்த சேனல்களும் அங்கேயே. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் தொடக்கூடிய இடமே இல்லை அது. கேபிள் மாட்டி சாஃப்ட்வேரில் திறந்தால் 400 முதல் 470 வரை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று காட்டியது. அதாவது யார் கையில் கிடைத்தாலும் யாருடைய அலைவரிசையிலும் போய்ப் பேசிவிடலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ரேடியோ கருவியில் பேசுவதற்கு மட்டுமில்லை, அதை வைத்திருப்பதற்கே உரிமம் வேண்டும் என்பது 1933-ம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டத்திலிருந்தே உள்ள அடிப்படை. 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்த பிறகும் அனுமதி வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை. அனுமதி கொடுப்பது தொலைத்தொடர்புத் துறையில் உள்ள டபிள்யூ.பி.சி. பிரிவு. இதற்கு விலக்காக 2018-ல் குறைந்த சக்தி, குறுந்தூர ரேடியோ கருவிகளுக்கான விதிகள் வந்தன. அதன்படி 446.0 முதல் 446.2 மெகா ஹெர்ட்ஸ் வரைக்குள் மட்டும் இயங்கும் குறைந்த சக்தி வாக்கி டாக்கிக்கு உரிமம் வேண்டாம். உரிமம்தான் வேண்டாம், ஒப்புதல் வேண்டும்: அந்த மாடலுக்கு ஈ.டி.ஏ. எனப்படும் கருவி வகை ஒப்புதலை இறக்குமதி செய்பவரோ தயாரிப்பவரோ டபிள்யூ.பி.சி.யிடம் வாங்கியிருக்க வேண்டும். வாங்குகிற நாம் செய்ய வேண்டியது அந்த ஒப்புதல் இருக்கிறதா என்று பார்ப்பது.

2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வாக்கி டாக்கி விற்பனை தொடர்பாக 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அலைவரிசை என்ன, உரிமம் வேண்டுமா, ஈ.டி.ஏ. இருக்கிறதா என்ற விவரமே இல்லாமல் ஆயிரக்கணக்கில் பட்டியலிட்டு விற்றுக்கொண்டிருந்ததுதான் காரணம். அதே மாதக் கடைசியில் இணையத்தில் ரேடியோ கருவி விற்பதற்கென்றே வழிகாட்டு நெறிகளும் வந்தன. அலைவரிசையையும் ஒப்புதலையும் விற்பனைப் பக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. நான் நண்பரிடம் இந்தச் செய்தியைக் காட்டிய பிறகுதான் அவர் இதைத் தீவிரமாக எடுத்துக்கொண்டார்.

இது வெறும் காகித விஷயம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். சந்தையில் கிடைக்கும் மலிவான இரட்டை பேண்டு செட்டுகள் 136 முதல் 174 மெகா ஹெர்ட்ஸ் வரையும் 400 முதல் 520 வரையும் போகின்றன. அந்த இடைவெளிக்குள்தான் போலீஸும் தீயணைப்பும் ரயில் ஓட்டுநரும் கார்டும் பேசிக்கொள்கிறார்கள். ஒரு லோடுமேன் தெரியாமல் குமிழைத் திருப்பி "அந்த வண்டியை விடு" என்று சொல்வது, அந்த வார்த்தைக்காகக் காத்திருக்கும் வேறு யார் காதிலோ விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை வருவதற்குக் காரணம் அதுதான்.

மேனேஜர் கேட்ட கேள்வி நியாயமானது, எல்லாரும் கேட்பதும்கூட. "ஏனுங்கண்ணா, செட்டுதான் கையில இருக்குதுங்களே, சாஃப்ட்வேர்ல 446-னு மாத்திக் குடுத்துட்டீங்கன்னா ஆச்சுங்களே?" மாற்றலாம், பேசவும் செய்யும். ஆனால் சட்டப்படி ஆகாது. விலக்கு கொடுத்திருப்பது அலைவரிசைக்கு மட்டும் இல்லை, அந்த வரம்புக்குள் மட்டும் இயங்கும்படி செய்து ஒப்புதல் பெற்ற குறைந்த சக்திக் கருவிக்கு. சேனலை மாற்றினாலும் அந்தச் செட்டுக்கு ஈ.டி.ஏ. வந்துவிடாது, சக்தி 5 வாட்தான், கேபிளை மாட்டினால் மறுபடி எங்கும் போகும். நான் ஹாம் என்பதாலும் ஒன்றும் ஆகாது. அந்த உரிமம் எனக்கு, எனக்கு ஒதுக்கிய பேண்டுகளில், சொந்த ஆர்வத்துக்கும் பயிற்சிக்கும்தான். ஆலையின் வியாபாரத்துக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது.

27 மெகா ஹெர்ட்ஸ் சிட்டிசன் பேண்டும் உரிமம் வேண்டாத இடம்தான், அங்கே 5 வாட் வரை அனுமதியும் உண்டு. ஆனால் அலைநீளம் 11 மீட்டர், ஒழுங்காக வேலை செய்ய ஆன்டெனா இரண்டரை மீட்டருக்கு மேல் வேண்டும். மூட்டைக்கு நடுவே நடப்பவர் கையில் அதைக் கொடுக்க முடியாது. சிம் போட்டுப் பேசும் வாக்கி டாக்கிகளையும் யோசித்தோம், குடோனில் டவரே இல்லாததால் உடனே விட்டுவிட்டோம்.

ஆக 446 செட்டுகள்தான். தேடும்போது நான் வைத்துக்கொண்ட கணக்கு எளிமையானது: 446.0-446.2 என்று பக்கத்திலும் பெட்டியிலும் எழுதியிருக்க வேண்டும், ஈ.டி.ஏ. சான்றிதழின் எண் கேட்டால் தர வேண்டும், அந்தச் சான்றிதழில் இருக்கும் மாடல் பெயரும் செட்டின் பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடைசி விஷயத்தில்தான் பலர் நழுவுகிறார்கள். ஒரு விற்பனையாளர் சான்றிதழ் அனுப்பினார், பார்த்தால் அதே கம்பெனியின் வேறு ஒரு மாடலுக்கானது. "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார். ஒன்றில்லை. வேறு இடத்தில் வாங்கினோம். தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளம் வழியாகத்தான் இந்த ஒப்புதல்கள் கொடுக்கப்படுகின்றன. சான்றிதழின் நகல், ஜி.எஸ்.டி. பில், ஒவ்வொரு செட்டின் சீரியல் எண் மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டு ஆலை அலுவலகத்தில் வைத்தோம். தொழிற்சாலை ஆய்வுக்கு வருபவர் கேட்டால் காட்ட வேண்டியது அந்த ஃபைல்தான்.

வந்த செட்டுகளையும் சும்மா விடவில்லை, திரையில் பார்த்தேன். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மலிவான டாங்கிளில் அலைவரிசையைக் கணக்கிட உதவும் படிகம் 50 பி.பி.எம். வரை, அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு வரை தவறலாம். 446 மெகா ஹெர்ட்ஸில் 50 பி.பி.எம். என்றால் 22 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட இரண்டு சேனல் தள்ளிக் காட்டும். நல்ல செட்டைக் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். வெப்பத்துக்கேற்பத் திருத்திக்கொள்ளும் படிகம், டி.சி.எக்ஸ்.ஓ. என்று போட்டிருக்கும், அது உள்ள டாங்கிளில் பார்த்தால் பிழை சில நூறு ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். முதல் சேனல் 446.00625, அதிலிருந்து 12.5 கிலோ ஹெர்ட்ஸ் படியாக மேலே போய் பதினாறாவது 446.19375. எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. ஆன்டெனா கழற்ற முடியாதபடி உடலோடு சேர்ந்தது, சக்தி அரை வாட்.

அரை வாட் என்றதும் நண்பரின் முகம் வாடிவிட்டது. 5 வாட்டிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு இறங்குகிறோமே என்று. இந்தக் கவலை பலருக்கும் இருப்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். சக்தி பத்து மடங்கு கூடினால் தூரம் பத்து மடங்கு கூடாது. தடையே இல்லாத வெட்ட வெளியில்கூட மூன்று மடங்குதான். சுவரும் இரும்பும் நிறைந்த இடத்தில் தூரம் கூடக் கூட அலை இன்னும் வேகமாகத் தேய்வதால் இரண்டு மடங்குகூட வராது. நமக்கு முந்நூறு மீட்டர் போதும் என்னும்போது சக்தியைவிட ஆள் எங்கே நிற்கிறார், செட்டை எப்படிப் பிடிக்கிறார் என்பதுதான் பெரிய விஷயம். 446-ல் அலைநீளம் 67 சென்டிமீட்டர். திறந்த ஷட்டர் வழியாகத் தாராளமாக நுழையும், தகரச் சுவரில் பட்டால் திரும்பிவிடும், மனித உடம்பு கணிசமாக உறிஞ்சும். பெல்ட்டில் மாட்டியபடி பேசுவதற்கும் முகத்துக்கு நேராக உயர்த்திப் பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்றே ஆட்களுக்குக் காட்டினேன். அவியல் தொட்டிக்குப் பின்னால் பெல்ட்டில் இருந்தபோது கரகரவென்று வந்த குரல், கையில் எடுத்து உயர்த்தியதும் தெளிந்தது.

நடந்து பார்க்கும் சோதனைதான் இந்த வேலையின் பாதி. ஒருவர் எடைமேடையில் ஓரிடத்தில் நிற்க வேண்டும், இன்னொருவர் ஆலையின் வரைபடத்தை அட்டையில் ஒட்டிக்கொண்டு ஒவ்வோர் இடமாகப் போய் ஒரே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். "கேட்குதா" என்று கேட்கக் கூடாது, ஏனென்றால் எதிரில் இருப்பவர் பாதி ஊகித்துக்கொண்டு "கேட்குது" என்று சொல்லிவிடுவார். நான் ஒவ்வோர் இடத்திலும் வேறு வேறு நான்கு இலக்க எண் சொன்னேன், எடைமேடையில் இருந்தவர் அதை எழுதினார். பிறகு இரண்டு தாளையும் ஒப்பிட்டால் எங்கே தப்பு என்று பளிச்சென்று தெரியும். இதை ஆலை ஓடாத நேரத்தில் ஒரு முறையும், முழு வேகத்தில் ஓடும்போது ஒரு முறையும் செய்ய வேண்டும். அலை எல்லா நேரமும் ஒன்றுதான், காதுதான் மாறும்.

அலை போகாத இடங்கள் மூன்று அகப்பட்டன. அரிசி குடோனின் பின்மூலையில், கூரை வரை அடுக்கிய சிப்பங்களுக்குப் பின்னால் சுத்தமாக இல்லை. காய்ந்த அரிசியிலும் நூற்றுக்குப் பதின்மூன்று பதினான்கு பங்கு ஈரம் உண்டு, அது சுவர் கணக்கில் அடுக்கி நின்றால் அலையைக் குடித்துவிடும். பாய்லர் அறைக்குள் கரியேறிய இரும்புக்குப் பின்னால் பாதி. எலிவேட்டர் குழிக்குள் இறங்கினால் எதுவும் இல்லை. குடோனில் அடுக்குகளுக்கு நடுவே விடும் நடைபாதை ஷட்டருக்கு நேராக வரும்படி அடுக்கச் சொன்னேன். லோடு மேஸ்திரிக்கு அது பெரிய வேலையில்லை, அடுத்த சரக்கு வந்தபோது மாற்றிவிட்டார், மூலையைத் தவிர எல்லா இடத்திலும் பேச முடிந்தது. பாய்லர்காரருக்கு நிற்கும் இடம் ஜன்னல் பக்கம் என்று தரையில் மஞ்சள் வட்டம் போட்டோம். குழிக்கு ரேடியோவே கிடையாது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ரிப்பீட்டர் வைத்தால் என்ன என்று கேட்டார்கள். உயரத்தில் வைத்து அலையை வாங்கி மறுபடி வீசும் நிலையம் வேண்டுமென்றால் அது உரிமம் எடுத்துச் செய்ய வேண்டிய வேறு வேலை. இங்கே தேவையும் இல்லை. எடைமேடையில் இருக்கும் பெண்ணுக்கு இரண்டு பக்கமும் நன்றாகக் கேட்கிறது, யாருடைய பேச்சு மற்றவர்களுக்கு எட்டவில்லையோ அதை அந்தப் பெண் திருப்பிச் சொல்லிவிடுகிறார்.

சேனல் தேர்வுக்கு முன்னால் சில நாள் செட்டை ஆன் செய்து அலுவலகத்தில் வைத்துக் கேட்கச் சொன்னேன். உரிமம் வேண்டாத அலைவரிசை என்றால் அது எல்லாருக்கும் பொது, நமக்கு மட்டும் என்று உரிமை கொண்டாட முடியாது. முகூர்த்த நாளில் முதல் சேனலில் பக்கத்துக் கல்யாண மண்டபத்துப் பார்க்கிங் ஆட்கள் "இன்னோவா ஒண்ணு உள்ள வருது" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பெட்டியைப் பிரித்தால் முதல் சேனலில்தான் இருக்கும் என்பதால் எல்லாரும் அங்கேயே குவிகிறார்கள். நாங்கள் மேலே உள்ள எண்களில் இரண்டை எடுத்துக்கொண்டோம். ஒன்று கேட், எடைமேடை, லோடு ஏற்றும் இடம். இன்னொன்று ஊறல் முதல் மில் ஹால் வரை. இரண்டு குழுவுக்கும் தனித்தனி சி.டி.சி.எஸ்.எஸ். டோன் போட்டேன். காதுக்குக் கேட்காத மெல்லிய ஒலி ஒன்று பேச்சோடு சேர்ந்து போகும், அது இல்லாத பேச்சை நம் செட் வெளியே விடாது. இதனால் அடுத்தவர் பேச்சு நம்மைத் தொந்தரவு செய்யாது, அவ்வளவுதான். நம் பேச்சு யார் காதிலும் விழாமல் இருக்காது. பெட்டியில் ரகசியக் குறியீடு என்பது மாதிரி எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, நெல் விலையையும் பார்ட்டி பெயரையும் இதில் பேசக் கூடாது என்று நண்பரிடம் உறுதியாகச் சொன்னேன். விலை பேசப் போன் இருக்கிறது.

அடுத்தது பழக்கம். நான் எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் பிடித்தது இதுதான், ஆனால் இதில் செலவிட்ட நேரம்தான் பலன் கொடுத்தது. பட்டனை அழுத்தியதும் பேச ஆரம்பித்தால் முதல் எழுத்து போய்விடும், ஒரு மூச்சு விட்டுப் பேச வேண்டும். முடிக்கும்போது சொல் முழுதாக முடிந்த பிறகுதான் விரலை எடுக்க வேண்டும். தமிழில் இது உயிர் போகிற விஷயம். "சுவிட்சைப் போடாதே" என்பதில் கடைசியில் விரலை அவசரமாக எடுத்தால் எதிரில் கேட்பது "சுவிட்சைப் போடு" என்ற அர்த்தத்தில்தான் நிற்கும். வேண்டாம் என்பது நம் பேச்சில் வாலில்தான் வருகிறது, அந்த வால்தான் ரேடியோவில் முதலில் அறுபடும். அதனால் ஆலைக்குள் "-ஆதே" என்று முடியும் கட்டளையே ரேடியோவில் கிடையாது என்று வைத்தோம். நிறுத்தவோ தடுக்கவோ வேண்டுமென்றால் "ஸ்டாப், ஸ்டாப், ஸ்டாப்" மூன்று முறை. லோடு ஏற்றுவதில் பாதிப் பேர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள், அவர்களுக்கும் இந்த ஒரு சொல் சட்டென்று புரியும். யார் சொன்னாலும், ஏன் என்று கேட்காமல் நிறுத்த வேண்டும், பிறகுதான் கேள்வி.

எண்களும் அப்படித்தான். அறுபதும் எழுபதும் இரைச்சலில் ஒன்றாகக் கேட்கும், எழுபதும் எண்பதும் அதைவிட மோசம். சிப்பக் கணக்கையும் வண்டி எண்ணையும் இலக்கம் இலக்கமாகச் சொல்லி, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஏழு பூஜ்யம்" என்றால் "ஏழு பூஜ்யம், சரி." எடைமேடைப் பெண் இதில் மிகக் கண்டிப்பானவர். திருப்பிச் சொல்லாதவருக்கு எடைச் சீட்டே போட மாட்டார், அவரால்தான் மற்றவர்களுக்கும் இது பழகியது.

பாய்லர் அண்ணனுக்குத்தான் கஷ்டம். வயதானவர், பல வருடம் அந்தச் சத்தத்தில் நின்று காது கொஞ்சம் மந்தம். "கையில புடிச்சா ஒண்ணும் வெளங்கல தம்பி" என்றார். குரலைக் கேட்டுத் தானாகவே ஆன் ஆகும் வாக்ஸ் வசதியை அங்கே முதலிலேயே நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் ஊதுகாற்று விசிறியின் சத்தத்துக்கே செட் ஓயாமல் அலை விட்டுச் சேனலை அடைத்துக்கொள்ளும். காதை முழுதாக மூடும் ஹெட்செட், அதன் வயரில் பேசும் பட்டன், வாயருகே நீளும் மைக் இருக்கிற மாதிரி ஒன்று வாங்கி மாட்டினோம். இரண்டு முள் பிளக், ஒன்று 3.5 மில்லிமீட்டர், ஒன்று 2.5. எல்லாச் செட்டுக்கும் முள்ளின் இடைவெளி ஒன்றாக இருக்காது, வாங்கும் முன் செட்டைக் கையோடு எடுத்துப் போய்ச் செருகிப் பார்ப்பது நல்லது. காதும் கொஞ்சம் காப்பாற்றப்படுகிறது, குரலும் கேட்கிறது. இப்போது அவர் அதைக் கழற்றுவதே இல்லை.

எலிவேட்டர் குழி. அடைப்பு எடுக்க ஒருவர் உள்ளே இறங்கும்போது மேலே மோட்டாரை யாரும் போட்டுவிடக் கூடாது. இந்த வேலையை ரேடியோவை நம்பிச் செய்யக் கூடாது என்று எழுதியே ஒட்டினோம். "ஆஃப் பண்ணியாச்சு" என்ற குரல் போதாது. இறங்குபவரே பேனலுக்குப் போய், மின்சாரத்தைத் துண்டிக்கும் ஐசலேட்டரை இறக்கி, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். அவர் மேலே வந்து தானே பூட்டைத் திறக்கும்வரை வேறு யாருக்கும் அந்த உரிமை இல்லை. ரேடியோ வந்த பிறகு எல்லாம் வாயாலேயே முடிந்துவிடும் என்ற எண்ணம் தானாக வளரும், அதை முதல் நாளே வெட்டிவிட வேண்டும். அதே மாதிரி, கேஸ் கிடங்கு, பெட்ரோல் பங்க், கரைப்பான் வைத்து எண்ணெய் எடுக்கும் ஆலை போன்ற இடங்களுக்கு இந்தச் சாதாரண செட்டுகள் கூடவே கூடாது. தீப்பொறி எழாதபடி சான்றளித்த செட்டுகள் தனி ரகம், விலையும் தனி.

பராமரிப்பில் எதிரி தவிடு. தவிட்டில் எண்ணெய்ப் பசை இருப்பதால் வெறும் தூசி மாதிரி ஊதினால் போகாது, மைக் துளையில் பசையாக ஒட்டி ஒரு மாதத்தில் குரலை மூக்கடைத்தது போல ஆக்கிவிடுகிறது. பெரிய ஊசியால் குத்தினால் உள்ளே இருக்கும் மைக் கிழியும். பழைய பல் துலக்கும் பிரஷில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு, செட்டைக் கவிழ்த்துப் பிடித்துத் தேய்த்தால் வந்துவிடும். சார்ஜ் ஏறும் பித்தளைப் புள்ளிகளுக்கும் அதே வைத்தியம். சார்ஜர் பலகையை முதலில் பாய்லர் பக்கத்து அறையில் வைக்கச் சொன்னார்கள், நான் அலுவலகத்தில்தான் என்று சொல்லிவிட்டேன். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது, அதோடு ஷிஃப்ட் முடிந்து செட்டை அலுவலகத்தில் கொண்டுவந்து வைத்தால்தான் எந்தச் செட் யாரிடம் என்று தெரியும். ஒவ்வொன்றிலும் பெரிய எண் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது, கையெழுத்து நோட்டு ஒன்று இருக்கிறது.

பழைய 5 வாட் செட்டுகளை விற்றுவிடலாமா என்று மேனேஜர் கேட்டார். விற்றால் அதே பிரச்சினையை இன்னொருவர் தலையில் கட்டுகிறோம், அதுவும் உரிமம் இல்லாமல் விற்பது தனிக் குற்றம். பேட்டரிகளைப் பிரித்து, செட்டுகளின் போர்டை உடைத்து, மின்னணுக் கழிவு எடுப்பவரிடம் கொடுத்தோம். கொடுத்ததற்கு ரசீது வாங்கி அதையும் அந்த ஃபைலில் சேர்த்தாயிற்று.

மீதி இருப்பது ஒன்று. நண்பர் சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு குடோன் வாடகைக்கு எடுத்திருக்கிறார். நடுவில் தென்னந்தோப்பும் வீடுகளும். எடைமேடை மேல் ஏறி நின்று முயன்று பார்த்தேன், அரை வாட் அங்கே போகவில்லை, போகும் என்று நினைக்கவும் இல்லை. அங்கேயும் ரேடியோதான் வேண்டும் என்றால் டபிள்யூ.பி.சி.யிடம் நிறுவனத்தின் சொந்த உபயோகத்துக்கான உரிமத்துக்கு விண்ணப்பித்து, அலைவரிசை ஒதுக்கீடு வாங்கி, வருடா வருடம் கட்டணம் கட்ட வேண்டும். சர்க்கரை ஆலைகளும் பெரிய மருத்துவமனைகளும் அப்படித்தான் வைத்திருக்கின்றன. ஒரு குடோனுக்கு அது தாங்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். அதுவரை அந்தக் குடோனுக்குப் போன்தான், அங்கே டவர் நன்றாகவே கிடைக்கிறது.